வண்டியில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

கடந்த ஆண்டு நம் தமிழ் மொழிக் கழகத்தின் இரவு விருந்துக்கு முன்னாள் மாணவி என்ற முறையில் சென்றிருந்தேன். நிகழ்ச்சி முடிந்து வாகன நிறுத்துமிடத்துக்கு வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அங்கே ஒரு மைவி காரைச் சுற்றி எட்டு மாணவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பின் டயரில் காற்று இல்லை. கார் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவருடையது. "ஜாக் எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டேன். "ஜாக் இருக்குமா அக்கா?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

இரண்டு ஆண்டுகளாக அந்தக் காரை ஓட்டுகிறார். பின்பெட்டியில் விரித்திருந்த கம்பளத்தை ஒருமுறைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை. தூக்கினோம். ஸ்பேர் டயர், ஜாக், ஸ்பேனர் எல்லாம் தொழிற்சாலையில் வைத்தது வைத்தபடி புத்தம் புதிதாக இருந்தன. ஆனால், ஸ்பேர் டயரிலும் காற்று பாதிதான் இருந்தது. கூடியிருந்த எட்டுப் பேரில் இருவர் இயந்திரவியல் படிப்பவர்கள். அவர்களுக்கும் மரையை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதில் ஒரு நிமிடம் குழப்பம் வந்தது. என் காரிலிருந்து காற்றடிக்கும் பம்ப்பையும் நாலு கை ஸ்பேனரையும் எடுத்து வந்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

கிளம்பும்போது ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, நீங்க எதுக்கு இவ்வளவு சாமானை வண்டியில வச்சிருக்கீங்க? பட்டறை வச்சிருக்கீங்களா?" எல்லாரும் சிரித்தோம். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்று சொல்லாத உண்மையான பதிலை இந்த மலரின் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

2006ஆம் ஆண்டு. நான் இறுதியாண்டு மாணவி. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 21ஆம் தேதியும் நோன்புப் பெருநாள் 24ஆம் தேதியும் அடுத்தடுத்து வந்தன. நாடே ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய வாரம் அது. சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்கு நானும் இரண்டு தோழியரும் என்னுடைய பழைய கஞ்சில் காரில் 29ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு புறப்பட்டோம். அப்பா தம் சேமிப்பில் வாங்கிக் கொடுத்த கார். தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் டிராக்டரும் லாரியும் ஓட்டியவர் அவர். காரைக் கொடுத்த அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம் பழம் வைத்து ஏற்றினோம். அம்மா முன்கண்ணாடியின் உள்ளே ஒரு பிள்ளையாரை ஒட்டினார். அப்பா மட்டும் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து பின்பெட்டியில் வைத்தார். அதில் டார்ச் லைட், கால் பம்ப், இரண்டு ஸ்பேனர், ஒரு துண்டு இரும்புக் குழாய், பழைய துணி, மடித்து வைத்த எச்சரிக்கை முக்கோணம் ஆகியவை இருந்தன. "இது இருக்கட்டும். எடுத்திடாதே" என்றார்.

நான் எடுத்துவிட்டேன். தீபாவளிப் பலகாரம் நான்கு டின் இருந்தது. தோழியரின் பைகள் வேறு. கஞ்சிலின் பின்பெட்டி எவ்வளவு சிறியது என்பது அந்தக் காரை ஓட்டியவர்களுக்குத் தெரியும். முறுக்கு டின்னுக்கு இடம் வேண்டுமென்று அப்பாவின் டின்னை வீட்டு வராந்தாவில் இறக்கி வைத்தேன். அப்பா அப்போது கடைக்குப் போயிருந்தார்.

தாப்பா டோலைக் கடந்து பீடோருக்குப் போகும் வழியில் இடப்பக்கப் பின்டயர் பஞ்சரானது. நல்ல மழை. அவசரத் தடத்தில் நிறுத்தினோம். ஸ்பேர் டயரை எடுத்தால் அதுவும் தட்டையாக இருந்தது. கார் வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஒருவரும் காற்று அடிக்கவில்லை. இருட்டுக்குப் பயந்து முன்விளக்குகளை எரிய விட்டோம். உள்விளக்கையும் போட்டோம். அவசர விளக்கும் மின்னிக்கொண்டிருந்தது. இயந்திரத்தை அணைத்திருந்தோம். ஒரு தோழியின் கைப்பேசியில் பேட்டரி இல்லை. என்னுடையதில் பேசுவதற்குத் தொகை இல்லை. 999ஐ அழைக்கத் தொகை தேவையில்லை என்பது அந்த நேரத்தில் எங்களுக்குத் தோன்றவே இல்லை. மற்றொரு தோழி தன் அண்ணனை அழைத்தாள். அவர் கோலாலம்பூரிலிருந்து வருவதாகச் சொன்னார். நாங்கள் மூவரும் காருக்குப் பின்னால் ஒரே குடையின்கீழ் நின்றோம். பட்டறைகள் எல்லாம் பெருநாளுக்கு மூடியிருந்த வாரம், யாரைத் தேடுவது?

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பழைய பேட்டரி. முதலில் முன்விளக்குகள் மங்கின. பிறகு அவசர விளக்கு மெல்ல மெல்லச் சோர்ந்து நின்றுபோனது. மழை வலுத்ததால் மூவரும் காருக்குள் ஏறலாமா என்று பேசிக்கொண்டே சாலையோரப் புல்தரைக்கு நகர்ந்தோம். அந்த நேரத்தில்தான் அவசரத் தடத்திலேயே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் அந்தத் தடத்தில் வருவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கடைசி நொடியில் அவர் காரைப் பார்த்திருக்க வேண்டும். ஒடித்தார். காரின் பின்முனையில் பட்டு வண்டி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விழுந்தார். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காய்கறி லாரி நின்றது. கேமரன் மலையிலிருந்து இறங்கி, தாப்பா வழியாகச் செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போகிற லாரி. ஓட்டி வந்தவர் ஒரு தமிழர். இறங்கும்போதே பளபளக்கும் சட்டை போட்டுக்கொண்டுதான் இறங்கினார். எங்கள் டயரை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. "தங்கச்சி, மொதல்ல மூணு பேரும் அந்த இரும்புத் தடுப்புக்கு அந்தாண்ட போங்க. டயரைப் பிறகு பார்க்கலாம்" என்றார். இரண்டு முக்கோணங்களை எடுத்துக்கொண்டு, தடுப்புக்கு வெளியே நடந்து பின்னால் சென்று வைத்துவிட்டு வந்தார். விழுந்தவரின் தலைக்கவசத்தைக் கழற்றவோ, அவரைத் தூக்கி உட்கார வைக்கவோ யாரையும் விடவில்லை. தம் கைப்பேசியில் அவசர எண்ணை அழைத்து, கிலோமீட்டர் பலகையில் இருந்த எண்ணையும் எந்தத் திசையில் நிற்கிறோம் என்பதையும் சொன்னார். அந்த எண்ணுக்கு அப்படி ஒரு பயன் இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

விழுந்தவருக்குக் கழுத்துப்பட்டை எலும்பும் இடது மணிக்கட்டும் முறிந்திருந்தன. எங்கள் வயதுதான் இருக்கும். பெருநாள் முடிந்து தொழிற்சாலை வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த மலாய் இளைஞர். இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அப்பாவும் நானும் அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனோம். அவருடைய தாயார் எங்களுக்குத் தேநீர் கொடுத்து, "எல்லாம் விதி" என்று மலாயில் சொன்னார். திரும்பும் வழியில் வெகுநேரம் பேசாமல் ஓட்டிய அப்பா, "விதின்னு அந்த அம்மா சொல்றாங்க. அது அவங்க பெரிய மனசு. நாம அப்படிச் சொல்லிக்கக் கூடாது" என்றார். அதைத் தவிர அந்த டின்னைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

நண்பர்களே, அவசரகாலப் பெட்டியை நாம் நம் வசதிக்காக வைத்துக்கொள்ளும் ஒன்றாக நினைக்கிறோம். வைத்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நமக்குத்தானே சிரமம் என்று விட்டுவிடுகிறோம். நான் சொல்ல வருவது வேறு. சாலையில் நின்றுபோன கார் பிறருக்கு ஓர் ஆபத்து. அந்த ஆபத்தைக் குறைக்கும் பொறுப்பு காரை ஓட்டி வந்தவருக்கே உண்டு. என் சோம்பலுக்கு முன்பின் அறியாத ஒருவர் எலும்பு முறிந்து கிடந்தார். ஆகவே, பெட்டியை அடுக்கும்போதும் அந்த வரிசையிலேயே அடுக்க வேண்டும் என்பது என் கருத்து. முதலில் உயிர், அடுத்து வண்டி. நம்மில் பலர் ஸ்பேனரில் தொடங்குகிறோம். தொடங்க வேண்டிய இடம் முக்கோணம்.

உயிருக்கானவை எவை? ஒளியைத் திருப்பி வீசும் மேற்சட்டை ஒன்று. இது பின்பெட்டியில் இருந்தால் பயனில்லை. அதை எடுக்க நீங்கள் சாலையில் இறங்க வேண்டியிருக்கும். ஓட்டுநர் கைக்கு எட்டும்படி கதவுப் பையிலோ இருக்கைக்கு அடியிலோ வையுங்கள். அடுத்தது எச்சரிக்கை முக்கோணம். 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் கடக்கிறது. முக்கோணத்தைக் காரின் காலடியில் வைத்தால், பின்னால் வருபவர் அதைப் பார்க்கும்போதே கார் வந்துவிடும். குறைந்தது ஐம்பது அடி எடுத்து வைத்தாவது நடங்கள். நெடுஞ்சாலையில் அதைவிட இரண்டு மடங்கு தூரம் நல்லது. நடப்பது தடுப்புக்கு வெளியே இருக்கட்டும். மழையாலோ வளைவாலோ அப்படி நடக்க இயலாத இடமென்றால் முக்கோணத்தை விட்டுவிடுங்கள். முக்கோணத்துக்காக உயிரைக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, தலையில் மாட்டும் டார்ச் லைட். கைப்பேசி விளக்கு போதாதா என்று கேட்பீர்கள். ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மரையைத் திருக முயன்று பாருங்கள். நீங்களே தலையில் மாட்டும் விளக்கை வாங்குவீர்கள். உதவிக்கு அழைக்க வேண்டிய பேட்டரியை வெளிச்சத்துக்குச் செலவழிப்பதும் அறிவுடைமை ஆகாது. நான்காவது, ஒரு தாள். அதில் வீட்டு எண், காப்புறுதி நிறுவனத்தின் இழுவை லாரி எண், 999, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களானால் பிளஸ் உதவி எண்ணான 1800-88-0000 ஆகியவற்றைப் பேனாவால் எழுதி வையுங்கள். கைப்பேசி அணைந்த பிறகும் தாளைப் படிக்கலாம், பிறரிடம் கைப்பேசி இரவல் வாங்கி அழைக்கலாம். அதோடு ஒரு மழைச்சட்டை, குடிநீர், சில்லறையாக ஐம்பது வெள்ளி. சிற்றூர்ப் பட்டறையில் ரொக்கம்தான் பேசும்.

டயருக்கானவற்றில் முதலிடம் ஸ்பேர் டயருக்கு. மாதம் ஒருமுறை எண்ணெய் நிலையத்தில் நான்கு டயருக்குக் காற்று அடிக்கிறோமே, ஐந்தாவதையும் சேர்த்துக்கொள்வோம். உங்கள் காரில் இருப்பது மெல்லிய தற்காலிக டயரா என்றும் பாருங்கள். அப்படியானால் அதில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று டயரிலேயே அச்சிட்டிருப்பார்கள். சில புதிய கார்களில் ஸ்பேர் டயரே இருக்காது. அதற்குப் பதில் ஒட்டும் திரவமும் சிறு பம்ப்பும் கொடுத்திருப்பார்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவத்தால் பயனில்லை. எது இருக்கிறது, எது இல்லை என்பதை நடுவழியில் தெரிந்துகொள்வதைவிட இன்று தெரிந்துகொள்வது நல்லது.

காரோடு வரும் சிறிய ஸ்பேனரைக் கொண்டு பட்டறையில் இயந்திரத்தால் முடுக்கிய மரையைக் கழற்றுவது கடினம். நாலு கை ஸ்பேனர் ஒன்று வாங்குங்கள். அதில் பெரும்பாலும் 17, 19, 21, 23 மில்லிமீட்டர் என நான்கு அளவுகள் இருக்கும். அதன் கையில் காலை வைத்து உடல் எடையால் அழுத்தலாம். பலம் குறைந்தவர் என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. ஸ்போர்ட் ரிம் மாட்டிய தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: ரிம்மில் பூட்டு மரை இருந்தால் அதற்கென்று தனிச் சாவி உண்டு. அது வீட்டு மேசை இழுப்பறையில் கிடந்தால் மற்ற சாமான் எல்லாம் இருந்தும் வீண். இவற்றோடு ஜாக்கின் அடியில் போட ஒரு பலகைத் துண்டு, மற்றச் சக்கரம் உருளாமல் அணைகொடுக்க ஒரு மரக்கட்டை, காரின் மின்துளையில் செருகும் காற்றுப் பம்ப், கையுறை, மண்டியிட ஒரு சாக்கு. சாலையோரச் செம்மண் மழையில் இளகி ஜாக்கை விழுங்கிவிடும். பலகையின் அருமை அப்போது தெரியும்.

மாற்றும் முறையும் பெட்டியில் அடங்கியதே. சக்கரம் தரையில் இருக்கும்போதே மரைகளைச் சற்றே தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுழலும், கார் ஆடும். ஜாக் வைப்பதற்கென்று காரின் அடியில் குறித்த இடத்தில்தான் வைக்க வேண்டும். தூக்கிய காரின் கீழ் கையையோ காலையோ நீட்டக் கூடாது. புதிய சக்கரத்தை மாட்டியபின் மரைகளை எதிரெதிராக முடுக்கி, காரை இறக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். மாற்றக் கூடாத நேரமும் உண்டு. நம் நாட்டில் அவசரத் தடம் இடப்பக்கம். வலப்பக்க டயர் பஞ்சரானால், அதை மாற்றுகிறவரின் முதுகை உரசிக்கொண்டு லாரிகள் போகும். நெடுஞ்சாலையில் வலப்பக்க டயரை நாமே மாற்ற முயலக் கூடாது. முடிந்தால் மெதுவாக ஊர்ந்து அடுத்த ஓய்வுப் பகுதிக்கோ வெளியேறும் வழிக்கோ போய்விடுங்கள். டயரும் ரிம்மும் கெட்டால் கெடட்டும், அவை கடையில் கிடைக்கும். ஊரவும் முடியாவிட்டால் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நின்று உதவிக்கு அழையுங்கள். காருக்குள் உட்கார்ந்திருப்பதும், நாங்கள் நின்றதுபோல் காருக்குப் பின்னால் நிற்பதும் ஆபத்தானவை.

பேட்டரிக்கு ஒரு ஜம்பர் கேபிள் போதும். மிக மலிவான கேபிளில் கம்பி மெல்லியதாக இருக்கும். சூடேறுமே தவிர கார் கிளம்பாது. சற்றுத் தடித்ததாக வாங்குங்கள். இணைக்கும் வரிசையைத் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். சிவப்பின் ஒரு முனை செத்த பேட்டரியின் நேர்முனையில். மறுமுனை நல்ல பேட்டரியின் நேர்முனையில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் எதிர்முனையில். கடைசி முனை செத்த காரின் இயந்திரத்தில் சாயமில்லாத இரும்பில், பேட்டரிக்குச் சற்றுத் தள்ளி. பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பொறியில் பற்றிக்கொள்ளக் கூடும் என்பதே அந்தக் கடைசி முனையைத் தள்ளி வைப்பதன் காரணம். அன்று காய்கறி லாரி அண்ணன் தம் கால் பம்ப்பால் எங்கள் ஸ்பேர் டயருக்குக் காற்று அடித்துக் கொடுத்தார். பேட்டரிக்கு மட்டும் தம் லாரியிலிருந்து கேபிள் போட மறுத்துவிட்டார். "இது இருபத்து நாலு வோல்ட், உங்க வண்டி பன்னெண்டு. போட்டா எல்லாம் போயிடும்" என்றார். பிறகு வந்த ரோந்து வண்டியிலிருந்துதான் கேபிள் போட்டோம். நல்ல மனத்தோடு உதவ வருகிற லாரி எல்லாமே கேபிள் போட ஏற்றதல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

வெப்பத்துக்கு இரண்டு போத்தல் தண்ணீர். சிறிய காரில் நான்கு பேர் ஏறி, குளிர்சாதனத்தையும் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினால் வெப்ப முள் ஏறத்தான் செய்யும். குளிர்சாதனத்தை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஆறும்வரை காத்திருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிட்டடிக்கும். மற்றபடி ஒரு திருப்புளி, சில ஃபியூஸ், பேட்டரி முனையை இறுக்க 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், ஒட்டுநாடா, கேபிள் டை. அவ்வளவுதான். இருக்கிற சாமானையெல்லாம் அள்ளிப் போட்டால் சிறிய கார் தாங்காது. போத்தலில் பெட்ரோல் வைக்கவே கூடாது. லைட்டர், வாசனைத் தெளிப்பான், பவர் பேங்க் போன்றவற்றையும் வெயிலில் நிற்கும் காரில் விட வேண்டாம். பவர் பேங்க் உங்கள் கைப்பையோடு வந்து போகட்டும்.

"இப்போதெல்லாம் இதற்கு என்ன தேவை? காப்புறுதியிலேயே இழுவை லாரி வந்துவிடுகிறதே, கைப்பேசியில் செயலி இருக்கிறதே" என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. 2006இல் எங்களிடம் இல்லாத வசதிகள் இன்று இருக்கின்றன. அவற்றைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால், அழைத்த லாரி வந்து சேரும்வரை உள்ள நேரம் உங்களுடையது. அந்த ஒரு மணி நேரத்தில் செயலி முக்கோணம் வைக்காது. செம்பனைத் தோட்டத்துச் சாலையிலும் மலைச் சாலையிலும் அலைவரிசை கிடைக்காத இடங்கள் இன்றும் உண்டு. அழைக்காமலே வந்து நின்று, காரை இழுத்துப்போய் ஏதோ ஒரு பட்டறையில் விட்டு, மீட்கப் பெருந்தொகை கேட்கிற இழுவை லாரிகளைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கையில் எதுவும் இல்லாமல், எண்ணும் தெரியாமல் நிற்பவர்தான் அவர்களிடம் எளிதில் சிக்குகிறார்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் மகனுக்குக் கார் கொடுத்தால் டயர் மாற்றக் கற்றுக்கொடுக்கிறோம். மகளுக்குக் கொடுத்தால் "ஏதாவதுன்னா அப்பாவுக்கு போன் பண்ணு" என்கிறோம். சிந்தோக்கில் படிக்கும் மகளின் கார் நின்றுபோனால் கிள்ளானில் இருக்கும் அப்பா என்ன செய்வார்? என் அப்பாவும் டின்னைக் கொடுத்தாரே தவிர அதிலிருந்ததை எப்படிப் பயன்படுத்துவது என்று எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் அதை வராந்தாவில் இறக்கி வைத்திருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. பயன் தெரியாத பொருள் பாரமாகத்தான் தெரியும். இதை அப்பாவின்மேல் குறையாகச் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகு அவரிடமே கேட்டுக் கற்றுக்கொண்டேன். வாசலில் அமர்ந்து மூன்று முறை கழற்றி மாட்ட வைத்தார். நான்காம் முறை அம்மாவும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

நம் கழகத்தின்மேலும் எனக்கு ஓர் உரிமை உண்டு. என் காலத்தில், ஸ்பேனருக்குத் 'திருகுசாவி' என்று சொல்வதா, 'மரைதிருகி' என்று சொல்வதா என்று செயலவைக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் வாதிட்டிருக்கிறோம். அந்த அறையில் இருந்த யாருடைய காரிலும் அந்தப் பொருள் இருந்ததா என்பது ஐயம். வருமுன் காக்க வேண்டும் என்று வள்ளுவர் சொன்னதைப் பேச்சுப் போட்டியில் எத்தனை முறை சொல்லிப் பரிசு வாங்கியிருப்போம்! சொல்லாய்வும் பட்டிமன்றமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றால்தான் நான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அவற்றோடு இன்னொன்றும் சேரட்டும் என்கிறேன்.

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும், தீபாவளி விடுமுறைக்கு முன் வரும் ஒரு சனிக்கிழமைக் காலையில், வளாக வாகன நிறுத்துமிடத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கார் வைத்திருப்பவர்கள் காரோடு வரட்டும், இல்லாதவர்களும் வரட்டும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊருக்குப் போகிறவருக்கும் முக்கோணம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆளுக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டுவோம். ஜம்பர் கேபிளை வரிசைப்படி இணைத்துப் பார்ப்போம். இந்த நாட்டில் பட்டறை வைத்து நேர்மையாகத் தொழில் செய்யும் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து, மாலையும் பொன்னாடையும் போட்டு, ஆசிரியராக முன்னால் நிறுத்துவோம். பட்டம் பெற்றவர்களை மட்டுமே மேடையேற்றும் நம் வழக்கத்துக்கும் அது ஒரு மாற்றாக இருக்கும். அன்றைய சிற்றுண்டிச் செலவை முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். இதை எழுத்திலேயே தருகிறேன்.

பெட்டிக்கு ஆகும் செலவு, பேரங்காடியில் பொறுக்கி வாங்கினால், ஏறத்தாழ 200 வெள்ளிக்குள் முடியும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்க இயலாத மாணவர்கள் மேற்சட்டையும் முக்கோணமும் முதலில் வாங்குங்கள். அடுத்த மாதம் ஸ்பேனர், அதற்கடுத்த மாதம் பம்ப். நான்கு பேர் சேர்ந்து ஒரே காரில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் நான்கு பேரும் பங்கு போடுங்கள்.

அந்த மோட்டார் சைக்கிள் இளைஞருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அப்பா அவரை அழைத்து வாழ்த்துவார். மழைக்காலத்தில் இடது மணிக்கட்டு இன்னும் வலிப்பதாக ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் காரில் ஏன் இவ்வளவு சாமான் என்று கேட்ட தம்பிக்கு அதுதான் என் பதில்.

இந்த மலரைப் படித்து முடித்ததும் கீழே இறங்கிப் போய் உங்கள் காரின் பின்பெட்டியில் உள்ள கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். ஸ்பேர் டயரைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது அமுங்கினால், இன்றே காற்று அடித்துவிட்டு வாருங்கள்.